பேதி நிற்காவிட்டாலும் கரைசலை நிறுத்தாதீர்கள்

"ஓ.ஆர்.எஸ். கொடுத்துப் பார்த்தோம் டாக்டர், பேதி நிற்கவே இல்லை. அதனால் விட்டுவிட்டோம்." குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் வார்த்தைகள் இவை. சொல்பவர்கள் மேல் குற்றமில்லை. பேதிக்கென்று ஒன்றைக் கொடுத்தால் பேதி நிற்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் ஓ.ஆர்.எஸ். என்ற அந்த உப்பு, சர்க்கரைக் கரைசல் பேதியை நிறுத்துவதற்காகக் கொடுக்கப்படுவதே இல்லை; இழந்த நீரை ஈடுகட்டத்தான் கொடுக்கப்படுகிறது. ஏன் என்பது, குடல் செல்லுக்குள் இருக்கும் ஒரு சிறு மூலக்கூற்றின் கதை தெரிந்தால் நன்றாகப் புரியும்.

அதன் பெயர் குவானோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஜி.டி.பி. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி.யைப் பள்ளியில் படித்திருப்போம். அதற்கு நெருங்கிய உறவு இது. செல்லுக்கு வரும் கட்டளைகளை உள்ளே கொண்டுபோவதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. செல்லின் சவ்வுக்கு உட்புறத்தில், கட்டளையைக் கடத்தும் ஜி-புரதங்கள் ஒட்டியிருக்கின்றன. ஓய்வில் இருக்கும் ஜி-புரதம், இந்த மூலக்கூற்றின் இரண்டு பாஸ்பேட் மட்டுமே உள்ள வடிவத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். வெளியே ஒரு ஹார்மோன் வந்து, கட்டளையை வாங்கும் ஏற்பி என்ற புரதத்தைத் தொட்டதும் அதை விட்டுவிட்டு, மூன்று பாஸ்பேட் உள்ள ஜி.டி.பி.யைப் பிடித்துக்கொள்ளும். சுவிட்ச் போட்டாயிற்று. உடனே அடினைலைல் சைக்ளேஸ் என்ற நொதி வேலையைத் தொடங்கி, சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூதுப்பொருளை உண்டாக்கும். சற்று நேரத்தில் ஜி-புரதம் தன்னிடமுள்ள ஜி.டி.பி.யின் கடைசி பாஸ்பேட்டைத் தானே வெட்டிவிடும், சுவிட்ச் அணைந்துவிடும்.

இந்த அணைக்கும் வேலைதான் எனக்கு எப்போதும் பெரிய வியப்பு. கட்டளையை ஏற்பதைவிட, ஏற்றதை உரிய நேரத்தில் முடித்துக்கொள்வதில்தான் செல்லின் ஒழுங்கு அடங்கியிருக்கிறது. பார்ப்பது, முகர்வது, அச்சத்தில் இதயம் படபடப்பது எல்லாவற்றிலும் ஜி-புரதங்கள் இருக்கின்றன. இவற்றைக் கண்டறிந்ததற்காக ஆல்ஃபிரட் கில்மன், மார்ட்டின் ராட்பெல் இருவருக்கும் 1994இல் நோபல் பரிசு கிடைத்தது.

காலராக் கிருமி கைவைப்பது சரியாக அந்த அணைக்கும் இடத்தில். அது குடல் சுவரைத் துளைத்துக்கொண்டு போவதில்லை. மேலே ஒட்டிக்கொண்டு ஒரு நச்சை அனுப்புகிறது. கிருமியை வடிகட்டி நீக்கிய திரவமே முயலின் குடலில் நீரைச் சுரக்கவைக்கும் என்று கொல்கத்தாவின் சம்புநாத் தே 1959இல் காட்டினார். அந்த நச்சு, ஜி-புரதத்தில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு மூலக்கூற்றுத் துண்டை ஒட்டிவிடுகிறது. அதன்பிறகு ஜி.டி.பி.யை வெட்ட முடியாது. சைக்ளிக் ஏ.எம்.பி. பெருகிக்கொண்டே போகிறது. அதனால் செல்லிலிருந்து குளோரைடு வெளியேறும் வாய்க்கால்கள் திறந்தபடியே நிற்கின்றன; குளோரைடின் பின்னே சோடியமும், அதன் பின்னே நீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. கடுமையான காலராவில் பெரியவர் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரைகூட இழக்கலாம். அரிசி கழுவிய நீரைப் போல மலம் போவது இதனால்தான். பயணிகளை வாட்டும் ஒருவகை ஈ.கோலைக் கிருமியின் நச்சும் இதே வழியில்தான் செயல்படுகிறது. (ரோட்டா வைரஸ் பேதியின் வழி வேறு. ஆனாலும் அதற்கும் கொடுப்பது இதே கரைசல்தான்.)

ஒருமுறை பூட்டப்பட்ட ஜி-புரதத்தை விடுவிக்கும் மருந்து நடைமுறையில் நம்மிடம் இல்லை. ஆன்டிபயாடிக் கிருமியைக் கொன்று நோயின் நாட்களைக் குறைக்கும். ஏற்கெனவே நச்சேறிய செல்லை மாற்றாது. குடல் சுவரின் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. அதுவரை உயிர் தாங்க வேண்டும்.

தாங்கவைப்பது இன்னொரு புரதம். சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து உள்ளே இழுக்கும் ஒரு கடத்தி அதே குடலில் இருக்கிறது. சைக்ளிக் ஏ.எம்.பி. எவ்வளவு ஏறினாலும் அதன் வேலை கெடுவதில்லை. உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் வந்தால் இரண்டையும் இழுத்துக்கொள்ளும், கூடவே நீரும் போகும். ஒருபுறம் கொட்டிக்கொண்டிருக்கும்போதே மறுபுறம் ஏறிக்கொண்டிருக்கும். 1971இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த பங்கான் முகாமில் டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இதை நம்பிக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த இறப்பு நான்குக்கும் கீழே வந்தது.

ஆகவே பேதி போகப்போகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 50 முதல் 100 மில்லி. பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மறுபடி தொடங்குங்கள். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. துத்தநாக (ஜிங்க்) மருந்து கொடுத்தால், பேதி நின்றுவிட்டாலும் மருத்துவர் சொன்ன நாட்கள் வரை தொடருங்கள். பேதியைக் கட்டும் மாத்திரையைக் குழந்தைகளுக்குத் தராதீர்கள். குழந்தை துவண்டு கிடந்தாலோ, குடிக்க முடியாமல் போனாலோ, கண்கள் குழிந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ வீட்டில் காத்திருக்கக் கூடாது.

அளவு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், அவற்றோடு பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் இருக்கின்றன. பாக்கெட் ஒரு லிட்டருக்கானதா 200 மில்லிக்கானதா என்று படித்துப் பார்த்து, முழுப் பாக்கெட்டையும் ஒரேயடியாகக் கரைக்க வேண்டும். பாதியை மடித்து வைப்பது வேண்டாம். கரைத்ததை 24 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிடுங்கள். சர்க்கரை மிகுந்த பானங்கள் குடலுக்குள் நீரை இன்னும் இழுத்து, பேதியைக் கூட்டும். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், கடைப் பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லே வரக் கூடாது என்று உத்தரவிட்டிருக்கிறது. கடையில் கேட்கும்போது உலக சுகாதார நிறுவனக் கலவைப்படி உள்ள பாக்கெட் என்றே கேளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசமாகவே கிடைக்கும்.