உள்சுவரைக் கடைசியில் கட்டுங்கள்

போன ஜூனில் மார்த்தாண்டம் பக்கம் ஒரு கட்டடம் பார்க்கப் போனேன். மொட்டை மாடியில் தகர ஷீட் போட்டு, அதன் கீழே குரல் பதிவு செய்ய வாடகைக்கு விட்டிருந்தார்கள். மழை பிடித்ததும் வேலை நின்றது. பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. "ஒழுகக் கூடாதுன்னுதான் சார் ஷீட் போட்டேன்" என்றார் உரிமையாளர். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் எங்கள் கன்னியாகுமரி. சுவர் முழுக்க ஃபோம் ஒட்டியிருந்தார்கள். அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான். வெளிச்சத்தத்தைத் தடுக்கக் கனமான கூரையும் இடுக்கில்லாத கதவும் வேண்டும்.

கல்யாண வீடியோ எடிட்டிங், யூடியூப் சேனல், டிசைன் என்று நம் பிள்ளைகள் நாகர்கோவிலிலும் தக்கலையிலும் இடம் தேடுகிறார்கள். கட்டுகிறவர்களோ பழக்கதோஷத்தில் பத்துக்குப் பத்து கடைகளாகத் தடுத்துவிடுகிறார்கள். இன்று வருகிறவருக்கு ஷூட்டிங் ஹால் வேண்டும், அடுத்து வருகிறவருக்குப் பத்து கம்ப்யூட்டர் போட இடம் வேண்டும். அதனால் தூண், படிக்கட்டு, கழிவறை, வெளிச்சுவர் ஆகியவற்றை மட்டும் நிலையாக வையுங்கள். மற்றதை ஆள் வந்த பிறகு லேசான போர்டால் தடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் இதை இன்ஜினியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். எங்கே வரும் என்று தெரியாத தடுப்புகளுக்காகச் சதுர மீட்டருக்குக் குறைந்தது 1 கிலோநியூட்டன், அதாவது சுமார் 100 கிலோ, பாரத்தைச் சேர்த்துக் கணக்கிடச் சொல்கிறது ஐஎஸ் 875, அதாவது கட்டடம் தாங்க வேண்டிய பாரங்களுக்கான இந்தியத் தரநிலை. பழைய வீட்டை ஸ்டுடியோவாக மாற்றுகிறவர்கள் சுவரில் கை வைக்கவே வேண்டாம். தூண் இல்லாத வீட்டில் கூரையைத் தாங்குவதே அந்தச் சுவர்தான்.

உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பத்தடி அறையில் விளக்கை ஸ்டாண்டில் ஏற்றினால் கூரையில் முட்டும். நான் 12 அடி கேட்பேன். கான்கிரீட் போட்டபின் அதை மாற்ற வழியில்லை. மும்முனை மின்இணைப்பு, பிறகு கேபிள் இழுக்கக் காலி பைப் இரண்டும் அப்போதே போட்டுவிட வேண்டியவை.

அப்புறம் குளச்சல், மணக்குடி போன்ற கடலோர ஊர்கள். அங்கே கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 கேட்பது எம்30 என்ற வலுவான ரகக் கான்கிரீட், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் கவரிங். பலர் இன்னமும் வலு குறைந்த எம்20 போட்டு, சில வருடத்தில் துரு ஏறிய கம்பியோடு என்னிடம் வருகிறார்கள். ஈரம் கேமராவையும் விடாது. ஒரு தம்பி தன் லென்ஸை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துக் காட்டினார். உள்ளே சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை.

மார்த்தாண்டத்தில் பதிவறையைக் கீழ்த்தளத்தில் பின்பக்கக் குடோனுக்கு மாற்றினோம். 9 அங்குலச் செங்கல் சுவர், மேலே இரண்டு கான்கிரீட் தளம். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டியபின் மழை நேரத்திலும் அங்கே பதிவு நடக்கிறது.