மழைக்கு உறை ஊற்றியது யார்?

மிச்சிகனில் மகள் வீட்டில் சில மாதங்கள் இருந்துவிட்டு வந்த வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "வாசலில் தொங்கிய வெப்பமானி மைனஸ் 2 காட்டியது. மழையோ தண்ணீராகத்தான் பெய்தது. கிளையில் பட்டதும் கண்ணாடியாகிவிட்டது. பூஜ்ஜியத்துக்குக் கீழே போன தண்ணீர் எப்படித் தண்ணீராகவே இருந்தது?"

அவர் பார்த்தது, 2025 மார்ச் 28 முதல் 30 வரை வடக்கு மிச்சிகனை முடக்கிப்போட்ட உறைமழை. அங்கே கேலார்ட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. நாலாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். நிலநடுக்கோட்டுக்கும் வடதுருவத்துக்கும் நட்டநடுவே, 45 பாகை அட்சக்கோட்டை ஒட்டி, மிச்சிகன் ஏரிக்கும் ஹியூரான் ஏரிக்கும் இடையிலுள்ள மேட்டு நிலத்தில் இருக்கிறது. மார்ச் மாதம் அங்கே ஒரு நிலையில் நிற்காது. பகலில் பனி உருகும், இரவில் மறுபடி இறுகும். இந்த ஏற்ற இறக்கத்தை நம்பித்தான் மேப்பிள் மரத்தில் துளை போட்டுச் சாறு இறக்குகிறார்கள். அந்த வாரமும் சாறு இறங்கிக்கொண்டிருந்த பருவம்தான். மழை ஓய்ந்தபோது லட்சக்கணக்கான ஏக்கர் காட்டில் மரங்கள் முறிந்து கிடந்தன. பல வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. வடக்கே மாக்கினா பாலத்தின் வடங்களிலிருந்து பனிக்கட்டிப் பாளங்கள் விழுந்ததால் பாலத்தையே மூட வேண்டியதாயிற்று.

முதலில் வானத்தில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளிர்காற்று கனமானது. தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். மெக்சிகோ வளைகுடாப் பக்கமிருந்து ஈரத்தோடு வரும் வெப்பக்காற்று அதன் முதுகில் ஏறிப் பரவும். உச்சியில் பனித்துகளாகப் பிறப்பது, நடுவிலுள்ள வெப்ப அடுக்கில் உருகித் துளியாகிறது. அடியிலுள்ள குளிர் அடுக்கைக் கடக்கும்போது மறுபடி பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்கிறது. ஆனால் உறைவதில்லை.

ஏன் உறைவதில்லை என்பதற்குத் தமிழிலேயே ஒரு வழி இருக்கிறது. பால் தயிராவதையும் நாம் உறைதல் என்றுதான் சொல்கிறோம். பாலைக் காய்ச்சி ஆறவைத்துவிட்டால் மட்டும் தயிராகிவிடாது. ஒரு கரண்டி உறைமோர் ஊற்ற வேண்டும். தண்ணீருக்கும் அப்படி ஓர் உறை தேவைப்படுகிறது. தயிரில் நடப்பது நுண்ணுயிர் வேலை, இது இயற்பியல். ஆனால் தொடக்கிவைக்க ஒன்று வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

தண்ணீர் மூலக்கூறுகள் ஓயாமல் அலைபவை. மைனஸ் 2 பாகையில் நாலைந்து மூலக்கூறுகள் தற்செயலாகப் பனிக்கட்டியின் வரிசையில் வந்து நிற்கும். ஆனால் அவ்வளவு சிறிய கூட்டத்தில் உள்ளே இருப்பவை குறைவு, விளிம்பில் நிற்பவையே அதிகம். விளிம்பில் நிற்பவற்றுக்குப் பிடிமானம் போதாது. அதனால் சேர்ந்த வேகத்தில் கலைந்துவிடும். குறிப்பிட்ட ஓர் அளவைத் தாண்டி வளர்ந்த கூட்டம்தான் நிலைக்கும். அதன் பிறகு சுற்றியுள்ள மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து சேர்ந்துகொள்ளும். குளிர் கூடக்கூட அந்த அளவு சிறுத்துக்கொண்டே போகும். தூசு தும்பு இல்லாத நுண்துளி, தானாக உறைய ஏறக்குறைய மைனஸ் 38 பாகை வரை காத்திருக்கிறது! இந்த அதிகுளிர் நீரைப் பாரன்ஹீட் 1724லேயே பதிவுசெய்தார். ஃபிரீசரில் அசையாமல் கிடந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துத் தட்டியதும் கண்ணெதிரே பனிக்கட்டியாவதைச் சிலர் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள்.

கேலார்டில் விழுந்த துளிக்கு உறை எங்கே கிடைத்தது? கிளையில், மின்கம்பியில், கார் கண்ணாடியில். அங்கே தூசு இருக்கும், ஏற்கெனவே படிந்த பனி இருக்கும். இலைகளில் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியாவின் மேற்புறப் புரதம், மூலக்கூறுகளை வரிசையில் நிறுத்தி மைனஸ் 2 பாகை அளவிலேயே தண்ணீரை உறையவைக்கக்கூடியது. பனிச்சறுக்குத் திடல்களில் செயற்கைப் பனி தயாரிக்க இதைப் பயன்படுத்துகிறார்கள்.

இன்னொரு நுட்பம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளியே விடுகிறது. மைனஸ் 2 பாகையில் வந்து விழும் துளியில் நாற்பதில் ஒரு பங்கு உறைந்தாலே, வெளிவரும் வெப்பம் மீதித் தண்ணீரைப் பூஜ்ஜியத்துக்கு ஏற்றிவிடும். எனவே துளி முழுவதும் சட்டென்று உறைவதில்லை. மீதி வழிந்து, கிளையைச் சுற்றிப் பரவி, காற்று அந்த வெப்பத்தைக் கொண்டுபோகக் கொண்டுபோக நிதானமாக இறுகுகிறது. காற்றுக்குமிழி அடைபடாமல் மொட்டைச் சுற்றிக் கண்ணாடி வார்த்ததுபோல் தெளிவாக இருப்பது இந்த நிதானத்தால்தான். வெப்பத்தை அள்ளிப்போக வறண்ட குளிர்காற்று தொடர்ந்து வராவிட்டால், சுற்றுப்புறம் பூஜ்ஜியத்துக்கு ஏறி உறைமழை தானே நின்றுவிடும். கேலார்டில் அது சீக்கிரம் நிற்கவில்லை.

அந்தக் கண்ணாடியின் எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள கம்பியைச் சுற்றி இரண்டரை சென்டிமீட்டர் பனி படிந்தால் மீட்டருக்கு இரண்டரைக் கிலோ கூடும். 50 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு கம்பங்களுக்கு நடுவே 125 கிலோ தொங்கும்.

இப்படி எது நடந்தாலும் "யாரோ மேகத்தில் ரசாயனம் தூவியிருக்கிறார்கள்" என்ற வாட்ஸ்அப் செய்தி வந்துவிடுகிறது. படித்தவர்களும் அதை அனுப்பும்போது வருத்தமாக இருக்கிறது. மேகத்தில் சில்வர் அயோடைடு தூவுவது அங்கிருக்கும் அதிகுளிர் நீருக்கு உறை ஊற்றத்தான். உறைமழை பெய்வதோ, துளிக்கு வழியில் உறை கிடைக்காததால். வெப்ப அடுக்கில் பாதி மட்டும் உருகிய துளி, உள்ளே மிஞ்சிய பனித்துணுக்கையே உறையாகக் கொண்டு வழியிலேயே இறுகிவிடும். அது குருணையாகத் தரையில் விழுந்து உருண்டோடும், கம்பியில் ஒட்டாது.

எல்லாம் அந்த நடு அடுக்கைப் பொறுத்தது. அது ஒரு பாகை கூடினால் கண்ணாடி, குறைந்தால் குருணை. தரையிலுள்ள வெப்பமானிக்கு அது தெரியாது. நேரடியாக அளந்து சொல்வது, கருவியைக் கட்டி மேலே விடும் வானிலை பலூன். உலகெங்கும் நூற்றுக்கணக்கான இடங்களில் ஒரே நேரத்தில், நாளுக்கு இருமுறை பறக்கவிடுகிறார்கள். சென்னை மீனம்பாக்கத்துக்கு அது காலையும் மாலையும் ஐந்தரை மணிக் கணக்கு. கேலார்டிலும் ஒரு பலூன் நிலையம் இருக்கிறது. ஆள் பற்றாக்குறையால் நாளுக்கு ஒரு பலூன் மட்டும் விடப்போகும் நிலையங்களின் பட்டியலை அமெரிக்க வானிலைத் துறை 2025 மார்ச் 20 அன்று அறிவித்தது. அதில் கேலார்டும் ஒன்று. எட்டே நாளில் இந்த மழை. எச்சரிக்கை வந்தது, உண்மை. இருந்தும், இப்படிப்பட்ட ஊரில் ஒரு பலூனுக்கான ஆளைக் குறைப்பதை என்னால் சிக்கனம் என்று ஏற்க முடியவில்லை. பலூன் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மேலே போய் வெடிக்கும். அதில் அந்த வெப்ப அடுக்கைக் கடப்பது மூன்று, நான்கு நிமிடம்தான்.