மூன்று பிள்ளை, மூன்று நாடு, ஒரு பாஸ்போட்

வெள்ளவத்தையில் விசா விண்ணப்பங்கள் தயாரித்துக் கொடுக்கும் கந்தோர் ஒன்றில் வேலை செய்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் ஈபிள் கோபுரம் பார்க்கப் போகிறவர்கள் கொஞ்சம்தான். மிச்சப்பேர் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தாய் தகப்பன்மார். ஒரு மகள் பாரிசில், மகன் லண்டனில், கடைக்குட்டி சூரிச்சில் அல்லது ரொறன்ரோவில். கதிரையில் இருந்ததும் அவர்கள் கேட்பது: "தங்கச்சி, எவ்வளவு காலத்துக்குத் தருவினம்?" அடுத்தது: "எவ்வளவு முடியும்?" நான் திருப்பிக் கேட்பது வேறு: "எத்தனை தரம் உள்ளே போய் வெளியே வரப்போறியள்?" இதற்கு யோசிக்காமல் பதில் சொன்னவர்கள் மிகக் குறைவு. எந்த விசா எடுப்பது என்பதோ இந்தப் பதிலில்தான் இருக்கிறது.

விசா ஒன்றில் மூன்று விடயங்கள் தனித்தனியாக இருக்கும். எந்தத் திகதிக்கும் எந்தத் திகதிக்கும் இடையில் அதைப் பாவிக்கலாம், அதற்குள் எத்தனை நாள் தங்கலாம், எத்தனை தடவை நுழையலாம். எங்கள் ஆட்களின் கண் முதலாவதோடு நின்றுவிடும். பிரான்ஸ் போன்ற பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசாதான் ஷெங்கன் விசா. அதில் ஒருமுறை மட்டும் நுழையும் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். 30 நாள் தங்க அனுமதி என்றால், பயணத் திகதி முன்பின் தள்ளலாம் என்பதற்காக 15 நாள் கூட்டி, செல்லுபடிக் காலத்தை 45 நாளாகப் போடுவார்கள். அந்த 15 நாளும் தங்குவதற்கு அல்ல. கடைசித் திகதியைப் பார்த்து ரிக்கெட் போட்டவருக்கு 31ஆம் நாளிலிருந்தே அது அனுமதி மீறிய தங்கல். ஸ்டிக்கரில் 'டியூரேஷன் ஒஃப் ஸ்டே' என்ற இடத்தில் இருக்கும் எண்தான் நாள் கணக்கு. 'நம்பர் ஒஃப் என்ட்ரீஸ்' என்ற இடத்தில் 01, 02 அல்லது மல்ட் என்று இருக்கும். மல்ட் என்றால் பலமுறை.

பாரிஸ், லண்டன், சூரிச் என்று மூன்று இடத்தில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களுக்குத்தான் இந்த நுழைவு எண் கழுத்தைப் பிடிக்கும். பாரிசில் இறங்கி ஒரு மாதம் மகளோடு. அப்புறம் ரயிலேறி லண்டன். இரண்டரை மணித்தியாலம்கூட இல்லை, கொழும்பிலிருந்து கண்டி போவதைவிடச் சுகமான பயணம். அங்கே இரண்டு கிழமை நின்றுவிட்டு சூரிச்சுக்கு விமானம். குடும்பத்தின் கணக்கில் இது ஒரே 'யூரோப் ரிப்'. லண்டன் ஷெங்கனுக்கு வெளியே என்பதால், எல்லைக் காவலரின் கணக்கில் இரண்டு நுழைவு. லண்டனுக்குப் புறப்பட்ட அந்த நிமிடமே ஒருமுறை விசா முடிந்துவிட்டது. திகதி இன்னும் இரண்டு மாதம் கிடந்தாலும் சரி. சூரிச் விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். லண்டனிலேயே புது ஷெங்கன் விசா எடுக்கலாமே என்றால், சட்டப்படி வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது பொதுவிதி. பார்வையாளராக நிற்பவரின் விண்ணப்பத்தை ஏற்பது விதிவிலக்கு, அதை நம்பித் திட்டம் போட முடியாது.

இந்த இடத்தில் ஒரு குழப்பம் எப்போதும் வரும். "சுவிஸ் யூரோப்பியன் யூனியனிலேயே இல்லையே?" இல்லைதான். ஆனால் 2008 இலிருந்து ஷெங்கனில் இருக்கிறது. நோர்வேயும் அப்படி. மறுபுறம், பிரித்தானியா ஒன்றியத்தில் இருந்த காலத்திலும் ஷெங்கனில் சேரவில்லை, ஆகவே பிரெக்சிட்டைத் திட்டி வேலையில்லை. 2025 ஜனவரி 1 இல் ருமேனியாவும் பல்கேரியாவும் முழுமையாகச் சேர்ந்தபின் ஷெங்கன் நாடுகள் 29. அந்த 29க்குள் எத்தனை தடவை அங்குமிங்கும் போனாலும் புதிய நுழைவு இல்லை.

அதனால் சில நேரம் மல்ட் விசாவே தேவைப்படாது, பயண ஒழுங்கை மாற்றினால் போதும். கொழும்பிலிருந்து சூரிச், சூரிச்சிலிருந்து பாரிஸ், கடைசியாக லண்டன், லண்டனிலிருந்து நேரே வீடு. ஒரு நுழைவோடு முடிந்தது. நான் முதலில் கேட்டுப் பார்ப்பது இதைத்தான். ஆனால் நடுவில் ஒரு கல்யாணமோ சாமத்தியவீடோ பிள்ளைப்பேறோ வந்துவிட்டால் திகதியை நாங்கள் தீர்மானிக்க முடியாது. அப்போது இரண்டுமுறை அல்லது பலமுறை விசா கேட்டே ஆக வேண்டும்.

கேட்பது எப்படி? விண்ணப்பப் படிவத்திலேயே எத்தனை நுழைவு வேண்டும் என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஒருமுறை, இருமுறை, பலமுறை. முன்பு யாரோ நிரப்பிய படிவத்தைப் பார்த்து 'ஒருமுறை' என்று அடையாளம் போட்டுவிட்டு, பிறகு தூதரகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கட்டத்தில் அடையாளம் போட்டால் மட்டும் போதாது, காரணத்தையும் கடிதத்தில் எழுத வேண்டும். இன்ன திகதி பாரிஸ், இன்ன திகதி லண்டன், இன்ன காரணத்துக்காகத் திரும்பவும் ஷெங்கன். பிரித்தானிய விசா ஏற்கெனவே கையில் இருந்தால் அந்தக் கடிதத்துக்கு ஆதாரம் வந்துவிடும். எந்தத் தூதரகத்தில் கொடுப்பது என்பதற்கும் விதி உண்டு. அதிக நாள் தங்கும் நாடு எதுவோ அங்கே. நாட்கள் சமம் என்றால் முதலில் இறங்கும் நாட்டில். 'அந்த எம்பசி லேசாத் தருமாம்' என்று வேறொரு நாட்டில் கொடுத்துவிட்டு, முழு நாளையும் சூரிச்சில் கழிப்பவர் அடுத்த விண்ணப்பத்தில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒழுங்காகப் போய் வந்தவர்களுக்கு ஒரு படிமுறை இருக்கிறது. 2020 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள ஷெங்கன் விசா விதிப்படி, முந்திய இரண்டு வருடத்துக்குள் மூன்று விசா எடுத்து முறையாகப் பாவித்தவருக்கு ஒரு வருடப் பலமுறை விசா, அதன்பின் இரண்டு வருடம், பிறகு ஐந்து வருடம். மற்றத் தகுதிகளும் சரியாக இருக்க வேண்டும், குறைத்துத் தரவும் தூதரகத்துக்கு உரிமை உண்டு. என்றாலும் பழைய பாஸ்போட்டின் விசாப் பக்கங்களைப் பிரதி எடுத்து வையுங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

சரி, ஐந்து வருட மல்ட் கிடைத்துவிட்டது. உடனே "இனி ஆறுமாசம் ஆறுமாசமா நிக்கலாம்" என்று ஒரு சந்தோஷம் கிளம்பும். நிற்க முடியாது. விசா எத்தனை வருடமாக இருந்தாலும் எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள்தான். இந்த 180 நாள் ஜனவரியில் தொடங்கி ஜூனில் முடிகிற ஒன்றல்ல, உங்கள் கூடவே நகர்ந்துகொண்டிருக்கும். நீங்கள் அங்கே நிற்கும் ஒவ்வொரு நாளும் அந்த நாளையும் சேர்த்துப் பின்னால் 180 நாள் எண்ண வேண்டும். இறங்கும் நாளும் புறப்படும் நாளும் கணக்கில் சேரும்.

ஒரு தாய் மார்ச் 1 இல் பாரிசில் இறங்கி மே 29 இல் புறப்படுகிறார் என்று வையுங்கள். சரியாக 90 நாள். ஜூலை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள், விசாவும் உயிரோடு இருக்கிறது, ஆனால் போக முடியாது. அவருக்கு அடுத்த நுழைவு ஓகஸ்ட் 28. இன்னொருவர் மார்ச் 1 முதல் ஏப்ரல் 14 வரை 45 நாள் நின்று, லண்டன் போய், ஜூன் 1 இல் திரும்பி வந்தால் ஜூலை 15 வரை மிச்ச 45 நாளும் நிற்கலாம். லண்டனில் கழித்த நாள் இந்தக் கணக்கில் வராது. பேரப்பிள்ளையின் பள்ளி விடுமுறை எப்போது என்று முதலே கேட்டு, நாட்களைப் பிரித்துவைப்பதில்தான் கெட்டித்தனம். விரல் விட்டு எண்ண வேண்டாம், ஐரோப்பிய ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இதற்கென்றே கணக்கிடும் கருவி இருக்கிறது.

முன்பென்றால் முத்திரை மங்கலாக விழுந்தது, பக்கம் மாறி அடித்தார்கள் என்று சிலர் தப்பிய கதைகள் உண்டு. அந்தக் கதைகளை நம்பி யாரும் ரிக்கெட் போட வேண்டாம். 2025 ஒக்டோபர் 12 இலிருந்து ஐரோப்பிய எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாக முகப்படத்தையும் விரலடையாளத்தையும் கணினியில் பதியும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். நாளை எண்ணுவது இனி இயந்திரம்.

பிரித்தானியாவின் கதை வேறு. அங்கே சாதாரணப் பார்வையாளர் விசாவில் பலமுறை போய்வரலாம், ஒரு தடவைக்கு ஆறு மாதம் வரை. இரண்டு, ஐந்து, பத்து வருட விசாக்களும் இருக்கின்றன, கட்டணம் ஏறிக்கொண்டே போகும். பத்து வருட விசாவிலும் ஒரு தடவைக்கு ஆறு மாதம்தான். பத்து வருடம் கேட்டு அவர்கள் இரண்டு வருடம் தந்தால் மிச்சக் காசு திரும்பி வராது. ஆகவே முதல்முறை போகிறவர் பத்து வருடத்துக்குக் காசு கட்டுவதை நான் ஊக்குவிப்பதில்லை. மகன் வற்புறுத்தினாலும்கூட. ஆறு மாதம் நின்று, கொழும்பில் இரண்டு கிழமை தலையைக் காட்டிவிட்டுத் திரும்பவும் ஆறு மாதத்துக்குப் போவது இன்னொரு வில்லங்கம். வருடத்துக்கு இத்தனை நாள் என்று எழுதப்பட்ட எல்லை இல்லைதான், ஆனால் அடிக்கடி வந்து அங்கேயே குடியிருப்பதுபோல் தெரிந்தால் மறுக்கலாம் என்று விதியே சொல்கிறது.

கனடாவுக்கு வருவோம். பார்வையாளர் விசா ஒருமுறையாகவும் பலமுறையாகவும் தரப்படும், அதிகபட்சம் பத்து வருடம், ஆனால் பாஸ்போட் முடியும் திகதியைத் தாண்டாது. இரண்டு வருடத்தில் முடியப்போகும் பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டுப் பத்து வருடம் எதிர்பார்ப்பவர்கள் முதலில் பத்தரமுல்லைக்குப் போய்ப் புதுப் பாஸ்போட் எடுக்கட்டும். அதோடு, 2024 நவம்பரில் அதிகாரிகளுக்கான வழிகாட்டல் மாறிவிட்டது. முழுக்காலப் பலமுறை விசாவை வழமையாகத் தரும் பழக்கம் நின்று, ஒவ்வொருவரின் காரணத்தையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். உள்ளே போனபின், எல்லை அதிகாரி வேறு திகதி எழுதாவிட்டால் தங்கல் ஆறு மாதம்.

'சுப்பர் விசா' என்பது தனி. கனடியக் குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிடம் உள்ளவரின் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிமாருக்கும் மட்டும், அதாவது அப்பம்மா, அம்மப்பா போன்றவர்களுக்கு. மாமி, சித்தப்பா யாரும் இதில் வரமாட்டார்கள். 2022 ஜூலை 4 இலிருந்து ஒரு நுழைவில் ஐந்து வருடம் வரை தங்கலாம். பதிலுக்கு, அழைக்கும் பிள்ளைக்குக் குறிப்பிட்ட அளவு வருமானம் வேண்டும், மருத்துவப் பரிசோதனை வேண்டும், குறைந்தது 100,000 கனடிய டொலருக்கான மருத்துவக் காப்பீடு ஒரு வருடத்துக்கு எடுத்திருக்க வேண்டும். எழுபது வயதுக்காரருக்கு, அதுவும் சீனியும் பிரஷரும் இருந்தால், அந்தக் காப்பீட்டுக் கட்டணம் பிள்ளையின் பொக்கெற்றை நன்றாகவே கடிக்கும். கோடையில் நாலு மாதம் போய், மார்கழிக் குளிருக்கு முதல் ஊருக்கு ஓடிவரும் ஆட்களுக்கு சுப்பர் விசா எதற்கு? சாதாரணப் பலமுறை விசா காணும். பிள்ளைப்பேறு பார்த்து, குழந்தை நடக்கும் மட்டும் நிற்கப்போகிற அம்மாவுக்கு சுப்பர் விசாதான் சரி.

பக்கத்து நாட்டுக்கு வந்தால், சென்னைக்கும் திருச்சிக்கும் அடிக்கடி போகிறவர்கள் இந்திய இ-விசாவில் 30 நாள் வகையையே ஒவ்வொரு தடவையும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதில் இரண்டு நுழைவு உண்டு. கோயில், கல்யாணம், சேலை என்று வருடத்தில் மூன்று நாலு தரம் போகிறவருக்கு ஒரு வருட அல்லது ஐந்து வருடப் பலமுறை வகைதான் லாபம். சிகிச்சைக்கென்று மருத்துவ இ-விசா தனியாக இருக்கிறது, 60 நாள், மூன்று நுழைவு. கடைக்குச் சரக்கு எடுக்கப் போகிறவர் வியாபார விசா எடுக்க வேண்டும். கூட்டமாகச் சுற்றுலா விசாவில் போய்ப் பொதி பொதியாக வருவது காலாகாலமாக நடக்கிறது, நடக்கிறது என்பதால் அது சரியாகிவிடாது.

துபாயின் ஐந்து வருடப் பலமுறைச் சுற்றுலா விசாவில் ஒரு தடவைக்கு 90 நாள், வருடத்துக்கு 180 நாள்தான் எல்லை. கூடுதலாக நின்றால் நாளுக்கு 50 திர்ஹம் தண்டம். அவுஸ்திரேலிய விசாக் கடிதத்தில் 8503 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கிருந்தபடி வேறு விசாவுக்குப் பொதுவாக விண்ணப்பிக்க முடியாது. 8558 என்றால் எந்த 18 மாதத்திலும் 12 மாதத்துக்கு மேல் நிற்க முடியாது.

கனடா, பிரித்தானியா, ஷெங்கன் மூன்றுக்கும் ஒரே தடவையில் போகிறவர்களுக்கு விண்ணப்பிக்கும் ஒழுங்கும் முக்கியம், ஏனென்றால் பாஸ்போட் ஒன்றுதான். கனடாவுக்கு இணையத்தில் விண்ணப்பித்து, விரலடையாளம் கொடுத்தபின், முடிவு வந்த பிறகுதான் பாஸ்போட்டைக் கேட்பார்கள். ஆகவே அதை முதலே தொடங்கிவிடலாம். அது ஓடிக்கொண்டிருக்கும்போது பிரித்தானியா. அது கைக்கு வந்ததும் ஷெங்கன், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், முடிவுக்குப் பதினைந்து நாள் என்பது 45 வரை இழுபடலாம். பாஸ்போட் திரும்பிக் கிடைத்ததும் விசா விண்ணப்ப நிலையத்தின் வாசலைத் தாண்டுவதற்கு முதல் ஸ்டிக்கரைப் பாருங்கள். பெயர், பாஸ்போட் இலக்கம், நாட்கள், நுழைவு. எழுத்துப் பிழை இருந்தால் அன்றைக்கே கவுண்டரில் சொல்ல வேண்டும். இரண்டு நுழைவு கேட்ட இடத்தில் 01 என்று வந்திருந்தால் லண்டன் ரிக்கெட்டை இன்னும் எடுக்காதீர்கள், முதலில் பயண ஒழுங்கை மாற்ற முடியுமா என்று பார்ப்போம்.