‘பதவி நீக்கம்’ அன்று, பதவிக்குற்றச்சாட்டு

அண்மையில் பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவர்களுக்கான பேச்சுப்போட்டி ஒன்றில் நடுவராக அமர்ந்திருந்தேன். அரசியலில் நாகரிகம் என்பது தலைப்பு. தெளிவாகவும் அழகாகவும் பேசிய ஒரு மாணவி, அமெரிக்க அதிபர் டொனால்ட் ட்ரம்ப் நாவடக்கம் இல்லாத காரணத்தால் இரண்டு முறை பதவி நீக்கம் செய்யப்பட்டார் என்றாள். அரங்கில் ஒருவர்கூடத் திடுக்கிடவில்லை. ஒருமுறை நீக்கப்பட்டவரை மறுமுறை எப்படி நீக்குவது என்று நான் பிறகு கேட்டபோது, “பேப்பர்ல அப்படித்தான ஐயா போட்டிருந்தாவ” என்றாள். அவள் மேல் குறையில்லை. இம்பீச்மெண்ட் என்னும் ஆங்கிலச் சொல்லைப் ‘பதவி நீக்கம்’ என்று தமிழாக்கி, அந்தச் சொல்லை அவளுக்குக் கொடுத்தவர்கள் மேல்தான் குறை.

நடந்தது இது. 2019 டிசம்பர் 18 அன்றும் 2021 ஜனவரி 13 அன்றும் அமெரிக்க மக்கள் பிரதிநிதிகள் அவை ட்ரம்ப் மீது குற்றம் சாட்டியது. இரண்டு முறையும் மேலவையான செனட் விசாரித்து அவரை விடுவித்தது. இரண்டாம் முறை 57 பேர் அவர் குற்றவாளி என்றனர். தேவைப்பட்டவர்களோ 67 பேர். அவர் ஒரு நாள்கூடப் பதவியிலிருந்து நீக்கப்படவில்லை. 2020 தேர்தலில் தோற்று, அந்தப் பதவிக்காலம் முடிந்தே வெளியேறினார். மேலும், சாட்டப்பட்ட குற்றங்கள் அதிகார முறைகேடு, நாடாளுமன்ற விசாரணைக்குத் தடையாக இருந்தது, கிளர்ச்சியைத் தூண்டியது ஆகியவையே. நாவடக்கமின்மை என்று ஒரு குற்றம் அந்தப் பட்டியலில் இல்லை. மாணவியின் ஒரே வாக்கியத்தில் இருந்த இரண்டு பிழைகளும் ஒரே தவறான மொழிபெயர்ப்பிலிருந்து முளைத்தவை.

இம்பீச்மெண்ட் என்னும் சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலத்தீனில் காலைக் குறிக்கும் சொல்லிலிருந்து காலில் பூட்டும் தளைக்கு ஒரு சொல் வந்தது. தளையிடுதல் என்னும் பொருளுடைய வினை அதிலிருந்து பிறந்து, பழைய பிரெஞ்சில் தடுத்தல் என்றாகி, ஆங்கிலத்தில் குற்றம் சாட்டுதல் என்று நிலைத்தது. ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது எளிதில் விளங்கும். கட்டை போட்டால் தேரின் ஓட்டம் தடைப்படும். தேர் இல்லாமல் போய்விடாது. சொல்லின் வேரில் தடை இருக்கிறது, குற்றச்சாட்டு இருக்கிறது. நீக்கம் எங்குமே இல்லை.

வரலாற்றிலும் அப்படித்தான். இங்கிலாந்தில் 1376இல் இம்முறை தொடங்கியபோதே மக்களவை குற்றம் சாட்டுவது, பிரபுக்கள் அவை தீர்ப்பளிப்பது என்று வேலை பிரிந்திருந்தது. நமக்கு அறிமுகமான வாரன் ஹேஸ்டிங்ஸ் 1785இலேயே இந்தியாவில் தம் பொறுப்பை விட்டுக் கப்பலேறிவிட்டார். அவர் மீது மக்களவை குற்றம் சாட்டியது 1787இல். 1788இல் தொடங்கிய விசாரணை ஏழாண்டு இழுத்து, 1795இல் அவர் விடுதலையானார். பதவியிலேயே இல்லாத ஒருவரைப் ‘பதவி நீக்கம்’ செய்ததாக நம் மொழிபெயர்ப்பாளர்கள் எழுதுவார்களா? எழுதியும் இருக்கிறார்கள் என்பதே என் வருத்தம்.

நம் அரசமைப்பின் 61ஆம் உறுப்பும் குற்றச்சாட்டு என்ற சொல்லாலேயே இதைத் தொடங்குகிறது. குடியரசுத் தலைவர் அரசமைப்பை மீறினார் என்னும் குற்றச்சாட்டை நாடாளுமன்றத்தின் ஓர் அவை கொண்டுவர வேண்டும். அந்த அவையின் நாலில் ஒரு பங்கு உறுப்பினர் கையொப்பமிட்டு 14 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர் அதை ஏற்க வேண்டும். பிறகு மற்ற அவை விசாரித்து, அதே அளவு பெரும்பான்மையோடு குற்றம் மெய்ப்பட்டது என்று தீர்மானித்தால் அந்த நாளிலிருந்து அவர் நீங்குவார். நீக்கம் கடைசிப்படி. முதற்படிக்குக் கடைசிப்படியின் பெயரை வைப்பது, பெண் பார்க்கப் போனதைத் திருமணம் என்று சொல்வதற்குச் சமம்.

தலைப்பில் இடம் போதாது, வாசகருக்குப் புரியாது என்று செய்தி மேசைகளில் இருப்பவர்கள் சொல்வார்கள். வாசகருக்குப் புரியாது என்பதை நான் ஒப்பமாட்டேன். எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் கோயில் கொடைவிழா முடிந்ததும் ஊர்க்கூட்டம் போட்டு வரி பிரித்தவரிடம் கணக்குக் கேட்பார்கள். கணக்குக் கேட்டதையே பொறுப்பிலிருந்து இறக்கிவிட்டதாக எவரும் சொல்லமாட்டார்கள். கேள்வி வேறு, விசாரணை வேறு, முடிவு வேறு என்பது எழுதப் படிக்கத் தெரியாத பெரியவருக்கும் தெரியும். நாம்தாம் அவருக்குத் தெரிந்த வேறுபாட்டைச் செய்தித்தாளில் அழித்துவிட்டு, அவருக்குப் புரியாது என்கிறோம். தீர்ப்புக்கு முன்பே தண்டனையைச் சொல்லிவிடும் சொல், குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அநீதி; விடுவிக்கப்பட்ட செய்தி மறுமாதம் வரும்போது குழம்பி நிற்கும் வாசகருக்கும் அநீதி.

இன்னொரு போட்டிச் சொல் ‘கண்டனத் தீர்மானம்’. இது முந்தையதைவிடக் கேடு விளைப்பது என்று கருதுகிறேன். கண்டனம் என்பது அவை தன் வெறுப்பைப் பதிவு செய்வது. விசாரணையும் இல்லை, தண்டனையும் இல்லை. 1834இல் அமெரிக்க செனட் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனைக் கண்டித்தது. 1837இல் அந்தக் கண்டனத்தைத் தன் குறிப்பிலிருந்து தானே நீக்கியது. அது கண்டனம். அதற்கும் குற்றச்சாட்டுக்கும் ஒரே பெயரை இட்டால், ஓர் ஆட்சித் தலைவரின் மரியாதைக் குறைவுக்கும் அவருடைய பதவித் துரோகத்துக்கும் இடையே உள்ள கோடு மறைந்துவிடும். எங்கள் ஊர்க்கூட்டத்தில் கணக்குப்பிள்ளை யாரையாவது ஏசிவிட்டால் மன்னிப்புக் கேட்க வைப்பார்கள்; ஏசியதற்காகக் கணக்கைக் கேட்கமாட்டார்கள்.

இந்த எல்லைக்கோட்டை அழிக்க அமெரிக்காவில் ஒருமுறை முயன்றார்கள். அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் மீது 1868இல் சாட்டப்பட்ட பதினொரு குற்றச்சாட்டுகளில் பத்தாவது, அவருடைய பேச்சைப் பற்றியது. 1866இல் வாஷிங்டனிலும் கிளீவ்லாந்திலும் செயின்ட் லூயிஸிலும் அவர் உரத்த குரலில், வரம்பில்லாமல், நாடாளுமன்றத்தை இழிவுபடுத்தும்படி பேசினார் என்பது புகார். அவர் அப்படிப் பேசியது உண்மை. கூட்டத்தில் கூச்சலிட்டவர்களோடு நேருக்கு நேர் வாதாடியதும் உண்மை. ஆனால் செனட் பதினொன்றாம், இரண்டாம், மூன்றாம் குற்றச்சாட்டுகளை மட்டும் வாக்குக்கு விட்டது. மூன்றிலும் 35க்கு 19 என்ற கணக்கில், ஒரே ஒரு வாக்குக் குறைவால் அவர் தப்பினார். பத்தாவது வாக்குக்கே வரவில்லை. அதற்கு முன், உச்ச நீதிமன்ற நீதிபதி சாமுவேல் சேஸ் நீதிமன்றத்தில் அரசியல் பொறி பறக்கப் பேசினார் என்ற புகாரும் 1805இல் செனட்டில் தோற்றது. அநாகரிகம் கண்டனத்துக்கு உரியது. அது மட்டுமே பதவியைப் பறிக்கும் காரணம் ஆகாது என்பதே அங்கே நின்ற வழக்கம். நமது சொல் இந்த வேறுபாட்டைக் காக்க வேண்டும்.

அமெரிக்க அரசமைப்பு சொல்லும் காரணங்களை நம்மவர் மொழிபெயர்க்கும் விதமும் இங்கே சேரும். தேசத்துரோகம், கையூட்டு என்ற இரண்டுக்குப் பின் வரும் தொடரை ‘உயர்ந்த குற்றங்களும் தவறான நடத்தையும்’ என்று எழுதுகிறார்கள். குற்றத்தில் உயர்ந்தது என்று ஒன்று உண்டா? அங்கே உயர்வு என்பது குற்றம் செய்தவரின் இருக்கைக்கும், குற்றம் தாக்கும் அரசுக்கும் உரியது. ‘தவறான நடத்தை’ என்றதும் வாசகர் மனம் குடிப்பழக்கத்துக்கும் ஏச்சுக்கும் போய்விடுகிறது. 1787இல் அந்த அரசமைப்பை எழுதியபோது ஜார்ஜ் மேசன் ‘நிர்வாகச் சீர்கேடு’ என்பதையும் காரணமாகச் சேர்க்கச் சொன்னார். அவ்வளவு தெளிவற்ற சொல் இருந்தால் அதிபர் செனட்டின் தயவில்தான் பதவியில் இருப்பார் என்று ஜேம்ஸ் மாடிசன் மறுத்தார். தெளிவற்ற சொல்லை விலக்கத்தான் அந்தத் தொடர் வந்தது. அதைத் தெளிவற்ற தமிழாக்குவது எப்படிப்பட்ட தொண்டு?

‘பழிசாட்டல்’ என்று சிலர் பரிந்துரைக்கிறார்கள். தூய சொல்தான், ஆனால் பழி என்றால் எங்கள் சீமையில் ஒன்று வீண்பழி, இல்லையேல் பழிக்குப் பழி. இரண்டும் ஆகாது. ஈழத்தமிழர் ‘குற்றப்பிரேரணை’ என்கிறார்கள். 2013இல் இலங்கைத் தலைமை நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க நீக்கப்பட்டபோது அவர்கள் ஏடுகளில் அச்சொல்லைப் படித்தேன். பிரேரணை வடசொல். ஆயினும் குற்றத்தைச் சொல்கிறது, அவையில் முன்வைப்பதைச் சொல்கிறது, நீக்கத்தை முந்திச் சொல்லவில்லை. தனித்தமிழில் பற்றுள்ள நானும், நம் ‘பதவி நீக்க’த்தைவிட அது நேர்மையான சொல் என்று ஒப்புகிறேன்.

என் பரிந்துரை ‘பதவிக்குற்றச்சாட்டு’. பதவியைக் கொண்டு செய்த குற்றம் பதவிக்குற்றம். மேலே சொன்ன அமெரிக்கத் தொடருக்கும் அதுவே போதும். ‘அவை அதிபர் மீது பதவிக்குற்றம் சாட்டியது; செனட் விசாரித்து விடுவித்தது’ என்று எழுதினால் ஒருவரும் குழம்பமாட்டார். பதவி என்பதும் வடசொல்லே. பாதத்தைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது, ஆகவே அந்த இலத்தீன் தளைக்கும் தூரத்துச் சொந்தம். ஊர் முழுதும் வழங்கும் சொல்லைத் தூய்மைக்காக விலக்க எனக்கு மனமில்லை.

நீதிபதிகள் செய்தியில் மட்டும் ஏடுகளின் வழக்கம் சரி. அரசமைப்பின் 124ஆம் உறுப்பு உச்ச நீதிமன்ற நீதிபதியைப் பற்றிப் பேசும்போது நீக்கம் என்றுதான் சொல்கிறது. இம்பீச்மெண்ட் என்ற சொல் அங்கே இல்லை. ஆகவே 1993இல் நீதிபதி வி. ராமசாமி மீது மக்களவையில் வந்து, 196 பேர் ஆதரித்தும் 205 பேர் வாக்களிக்காமல் இருந்ததால் தோற்றது, பதவி நீக்கத் தீர்மானமே.