பேனாக்கத்தி வாங்குமுன் பூட்டைப் பாருங்கள்

மடக்குக் கத்தியோ, குறடும் கத்தியும் ஒன்றாக மடங்கி இருக்கும் மல்ட்டிடூலோ வாங்கப் போகிறீர்கள் என்றால், அலகு எவ்வளவு மினுங்குகிறது, உள்ளே எத்தனை சாமான் இருக்கிறது என்பதையெல்லாம் பிறகு பார்க்கலாம். விரித்த அலகை விரித்தபடியே எது பிடித்து வைத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

மலையகத்து ஆஸ்பத்திரி ஒன்றில், காயங்களைக் கழுவிக் கட்டுப் போடும் அறையில் வேலை செய்யும் தாதி நான். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பட்டு வருகிறவர்கள் உண்டு. புல் வெட்டும் மெசினில் அடிபட்டு வருகிறவர்களும் உண்டு. ஆனால் என் மனதை அதிகம் உறுத்துவது சட்டைப்பைக் கத்தியால் வரும் வெட்டுகள்தான். கடையில் நின்று ஐந்து நிமிடம் கூடுதலாகப் பார்த்திருந்தால் அவற்றில் நிறைய வந்தே இருக்காது.

இந்தக் கத்திகள் இப்போது எங்கும் இருக்கின்றன. கட்டாரிலிருந்து லீவில் வரும் அண்ணன் ஒன்று கொண்டு வருகிறார். புறக்கோட்டையில் நடைபாதையிலேயே கிடைக்கிறது. போனில் ஓடர் போட்டால் வீட்டு வாசலுக்கே வருகிறது. வேலையும் நிறைய இருக்கிறது: உர மூட்டையின் தையல் நூலை அறுக்க, லீக்ஸ் கட்டின கயிற்றை வெட்ட, தக்காளிக் கூடாரத்துப் பொலித்தீனைக் கிழிக்க, ஊற்றுத் தண்ணீர் வரும் அல்கத்தீன் பைப்பைத் துண்டு போட. இதில் முதல் மூன்றும் கத்தியை இழுத்து அறுக்கிற வேலை. கடைசி வேலையில் பலர் கத்தியைக் குத்தி இறக்குகிறார்கள். விரல் போவது அங்கேதான்.

நடப்பதைச் சொல்கிறேன். பைப்பை இடது கையில் பிடித்துக்கொண்டு முனையைக் குத்துகிறோம். தடித்த பிளாஸ்டிக் முனையைக் கவ்விக்கொள்கிறது. இழுத்தால் வரவில்லை. கையை மேலும் கீழும் ஆட்டுகிறோம். அந்த ஆட்டலில் அழுத்தம் அலகின் வாய்ப்பக்கம் விழாமல் முதுகுப்பக்கம் விழுகிறது. அலகு தன் ஆணியில் திரும்பி, வந்த வழியே பிடிக்குள் மடங்குகிறது. அந்த வழியில் ஆள்காட்டி விரல் இருக்கிறது. அவகாடோக் கொட்டையை முனையால் குத்தி எடுக்கப் பார்க்கிறவர்களின் கதை வேறு. அங்கே முனை வழுக்கி, பழத்தைத் தாங்கிய உள்ளங்கைக்குள் போய்விடுகிறது.

விரலின் உள்பக்கத்தில், அடி மடிப்புக்கும் நடு மடிப்புக்கும் இடையில், தோலுக்குக் கீழே சதை மிகவும் குறைவு. விரலை மடக்கும் இரண்டு தசைநாண்கள் அங்கே ஒரு குறுகிய உறைக்குள் நெருக்கமாக ஓடுகின்றன. இரு பக்கமும் ஒவ்வொரு நரம்பு, ஒவ்வொரு இரத்தக் குழாய். ஒரு சென்றிமீற்றர் வெட்டு போதும், நாண் அறுந்துவிடும். ஒரு காலத்தில் அறுவை மருத்துவர்களே அந்த இடத்தில் நாணைத் தைக்கத் தயங்கினார்கள். இன்று தைக்கிறார்கள். ஆனால் தைத்த பிறகு ஆறு வாரமளவில் விரலுக்குத் தாங்குபட்டை போட வேண்டும், பாரம் தூக்குகிற வேலைக்குத் திரும்ப பன்னிரண்டு வாரமளவு ஆகும். அதற்கப்புறமும் விரல் பழையபடி மடங்குமா என்பது ஆளைப் பொறுத்தது. கொழுந்து கிள்ளுவது பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து செய்கிற வேலை. நாள் சம்பளத்தில் வாழும் குடும்பத்தில் அந்த ஒரு விரல் மூன்று மாதம் நின்றுபோனால் என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பூட்டு இருக்கிறது என்று பெட்டியில் போட்டிருந்தால் மட்டும் போதாது. காய்கறித் தோட்டத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கையைத் துணியால் சுற்றிக்கொண்டு வந்தார். கூட வந்தவர் அந்த மல்ட்டிடூலையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். "லொக் உள்ள கத்திதாங்க மிஸ்ஸி, எப்படி மடங்குச்சுன்னே தெரியல" என்றார் அந்தத் தம்பி. கட்டுப் போட்டு முடித்த பிறகு அதைத் துடைத்து விரித்துப் பார்த்தேன். பூட்டு இருந்தது. ஆனால் அலகின் அடியில் முட்டுக்கொடுக்க வேண்டிய தகடு மூலையில் ஒரு நூல் அளவுதான் தொட்டுக்கொண்டிருந்தது. பெருவிரலால் முதுகை அழுத்தினேன், மடங்கிவிட்டது.

பூட்டில் சில வகை உண்டு. பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியைத் தாங்குவது ஒன்று. அதை மூடும்போது பெருவிரல் அலகின் பாதைக்குள் போகும் என்பதைக் கவனிக்க வேண்டும். பிடியின் முதுகில் அழுத்தினால் விடுபடுவது இன்னொன்று. கையுறை போட்டவர்களுக்கும், குளிரில் விரல் விறைத்தவர்களுக்கும் இது சுலபம் என்பது என் எண்ணம். பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் 1890 முதல் செய்யப்படும் ஒப்பினல் கத்தியில் கழுத்தில் ஒரு வளையம் இருக்கும். அலகை விரித்து வளையத்தைத் திருகினால் அலகு மடங்காது. அந்த வளையம் 1955இல்தான் வந்தது. இருந்தும் திருக மறந்தால் பூட்டு இல்லாத கத்திதான் கையில் இருக்கிறது.

பூட்டே இல்லாத கத்திகள் எல்லாம் கெட்டவை என்றும் நினைத்துவிடாதீர்கள். சுவிட்சர்லாந்தின் இபாக்கில் கார்ல் எல்ஸனர் 1884இல் தொடங்கிய பட்டறைதான் இன்றைய விக்டோரினொக்ஸ். 1891இல் அந்நாட்டு இராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார்கள், 1897இல் அதிகாரிகளுக்கான கத்தி வந்தது. நமக்குப் பழக்கமான 91 மில்லிமீற்றர் சிவப்புக் கத்தி அந்த வழியில் வந்ததுதான். அதில் அலகை ஒரு வில்தான் (ஸ்பிரிங்) பிடித்து நிறுத்துகிறது, பூட்டு கிடையாது. நூல் அறுக்க, பழம் வெட்ட, பார்சல் பிரிக்க அது மிக நல்ல கத்தி. அதைக் கொண்டு எதையும் குத்தாதீர்கள், அவ்வளவுதான். 111 மில்லிமீற்றர் வகைகளில் பூட்டு உண்டு.

கடையில் நின்று பார்க்க வேண்டியது இது. அலகை முழுதாக விரியுங்கள். பிடியை இரண்டு பக்கவாட்டிலும் மட்டும் பற்றுங்கள், மடங்கும் பாதையில் ஒரு விரலும் இருக்கக்கூடாது. அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து மெதுவாக, பிறகு கொஞ்சம் பலமாக அழுத்துங்கள். அசையக்கூடாது. உள்தகடு என்றால், அது அலகின் அடியில் நன்றாக ஏறி உட்கார்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அலகை இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள். ஓடர் போட்டு வாங்கியது என்றால் வேலைக்கு எடுத்துப்போகும் முன் வீட்டில் இதைச் செய்து பாருங்கள். தகட்டின் இடுக்கில் மண்ணோ கொழுந்துக் கறையோ படிந்தால் நல்ல பூட்டும் முழுதாக ஏறாது. அதனால் மாதத்துக்கு ஒரு தரமாவது பழைய பல்துலக்கும் பிரஷால் அந்த இடுக்கைத் தேய்த்துவிடுங்கள்.

மல்ட்டிடூல் யாருக்கு வேண்டும்? டிம் லெதர்மன் என்ற அமெரிக்கர் 1975இல் பழைய கார் ஒன்றில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, தன் சட்டைப்பைக் கத்தியில் ஒரு குறடு இல்லையே என்று தவித்ததில் தோன்றிய யோசனை அது. 1983இல்தான் விற்பனைக்கு வந்தது. ஆகவே உங்கள் வேலையில் குறடு தேவைப்படுகிறதா என்பதுதான் கேள்வி. ஓட்டோ ஓட்டுகிறவர், தண்ணீர் மோட்டர் பார்க்கிறவர், வேலிக்குக் கம்பி கட்டுகிறவர் என்றால் தாராளமாக வாங்கலாம். வெட்டுவது மட்டும்தான் வேலை என்றால், 60 கிராமளவில் ஒரு சின்னக் கத்தி செய்கிற வேலைக்கு 240 கிராமளவு இரும்பை இடுப்பில் சுமப்பது எதற்கு? இன்னொன்று, மல்ட்டிடூலின் பிடி வெறும் உலோகம். வீட்டு மின்சாரம் 230 வோல்ற். மெயின் சுவிட்சை அணைக்காமல் அந்தக் குறட்டால் வயரைத் தொடவே கூடாது. மின்சார வேலைக்குப் பிடியில் மின்சாரம் பாயாத உறை போட்ட குறடு தனியாக இருக்கிறது, அதை வாங்குங்கள்.

தோட்டத்தில் நாள் முழுக்க வெட்டுகிறவருக்கு நான் மடக்குக் கத்தியே சொல்ல மாட்டேன். மடங்காத சின்னக் கத்தி, அதற்கு ஒரு கெட்டியான உறை. மடங்காதது விரலில் மடங்காது. உறை மட்டும் கத்தி வழுக்கி விழாதபடி இறுக்கமாக இருக்க வேண்டும்.

அப்புறம் நம் மழை. மேற்குச் சரிவில் கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரைத் தாண்டிப் பெய்கிறது. நுவரெலியாவில் மழை இல்லாத நாளிலும் பனிமூட்டம் துணியை ஈரமாக்கிவிடும். துருப்பிடிக்காத உருக்கு என்று சொல்ல அதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்க வேண்டும். நல்ல கத்தி அலகுகளில் இன்னும் கொஞ்சம் கூட இருக்கும். கார்பன் உருக்கு சுலபமாகக் கூர் ஏறும், ஆனால் ஈரத்தோடு மடித்து வைத்தால் மறுநாளே புள்ளி விழும். நம் ஊருக்குத் துருப்பிடிக்காததே நல்லது. ஒப்பினலிலும் அந்த வகை கிடைக்கிறது, இருந்தாலும் அதன் மரப்பிடி ஈரத்தில் ஊதி அலகை இறுக்கிக்கொள்ளும். இடுப்பில் கட்டும் படங்குக்குள் நனைந்த கத்தியை விறைத்த விரல்களால் இழுத்துத் திறக்கும்போது அது ஒரேயடியாகத் திறந்துகொண்டு மற்றக் கையை வெட்டிவிடும். பிளாஸ்டிக் பிடி அழகில்லைதான், மழைக்கு அதுவே நம்பிக்கை.

எண்ணெய் விடும்போது தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது 24 பாகையளவிலேயே உறைந்துவிடும், நம் காலைக் குளிரில் ஆணிக்குள் கட்டியாகி அலகை இறுக்கும். தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். பழமும் பாணும் வெட்டுகிற கத்தி என்றால் அலகை மட்டும் துடைத்துவிட்டுப் பாவியுங்கள்.

அளவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அலகு ஆறிலிருந்து எட்டு சென்றிமீற்றர் இருந்தால் அன்றாட வேலை எல்லாம் நடக்கும். நான்கு விரலும் பிடியில் உட்கார வேண்டும், அதுதான் முக்கியம்.

கூர் மழுங்கிய கத்திதான் பத்திரம் என்று வீட்டுப் பெரியவர்கள் பலர் நம்புகிறார்கள். எங்கள் அறையில் நாங்கள் பார்ப்பது வேறு. மழுங்கிய கத்திக்குப் பலம் கொடுக்க வேண்டியிருக்கிறது, பலம் கொடுத்த கை வழுக்கினால் வெட்டு ஆழமாக இறங்குகிறது. சாணைக்கல் இல்லாவிட்டால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து வையுங்கள். அடியில் பளபளப்பு ஏறாத வட்டம் ஒன்று இருக்கும், அதில் தேய்த்தால் கூர் வரும். சாய்வு தெரிய ஒரு காகிதத்தின் மூலையை இரண்டு தரம் பாதியாக மடியுங்கள். கிடைக்கும் 22 பாகைச் சொச்சம்தான் கத்திக்கு வேண்டிய சாய்வு. அந்தக் காகித மூலையைக் கோப்பைக்கும் அலகுக்கும் இடையில் வைத்துப் பார்த்துவிட்டு, அதே சாய்வில் இரண்டு பக்கமும் மாறி மாறித் தேய்க்கலாம்.

பாடசாலை, நீதிமன்றம், கூட்டம், மைதானம் போகும்போது கத்தியை வீட்டில் வைத்துவிடுங்கள். வெளிநாடு போகிறவர்கள் கையில் கொண்டுபோகும் பையில் வைக்காமல் விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியில் போடுங்கள். பொத்தானை அமுக்கினால் பாய்ந்து திறக்கும் வகைகளை வாங்கவே வேண்டாம். வேலைக்கு அது தேவையில்லை, பொலிஸ் நிறுத்திக் கேட்டால் பதில் சொல்வதும் கஷ்டம்.

சரி, வெட்டிவிட்டது. என்ன செய்வது? சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள், உறைகிற இரத்தம் ஒவ்வொரு முறையும் உடைந்துவிடும். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். மோதிரத்தை உடனே கழற்றுங்கள், வீங்கிய பிறகு கழற்ற முடியாது. விரலின் அடியில் ரப்பர் பட்டியோ நூலோ இறுக்கிக் கட்டாதீர்கள். கோப்பித்தூளும் மஞ்சளும் வேண்டவே வேண்டாம். தையல் போடுமுன் அதையெல்லாம் காயத்துக்குள்ளிருந்து கழுவி எடுக்க வேண்டும். வலியால் துடிக்கும் ஆளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு துகளாக எடுப்பது எங்களுக்கும் வேதனை.

இரத்தம் நின்றதும் இரண்டு சோதனை செய்யுங்கள். விரல் நுனியை மட்டும் மடக்க முடிகிறதா? விரலின் இரண்டு பக்கமும் தொட்டால் உணர்வு ஒரே மாதிரி இருக்கிறதா? இரண்டில் ஒன்று இல்லை என்றாலும், வெட்டு எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். மேலே தோல் மூடிக்கொண்டது என்று மூன்று வாரம் கழித்து வருகிறவர்களுக்கு அறுந்த நாண் உள்ளே இழுபட்டுச் சுருங்கிப் போயிருக்கும், அப்போது சாதாரணமாகத் தைத்து இணைப்பது கஷ்டம். விரல் துண்டாகிவிட்டால் துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாகத் துண்டில் படக்கூடாது. வாகனம் இல்லை என்றால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

ஏற்பு ஊசியை (டெட்டனஸ் தடுப்பூசியை)ப் பற்றிக் கேளுங்கள். கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது, துருவில் மட்டும் இல்லை. ஆகவே புதுக் கத்தி வெட்டினாலும் தோட்டத்து மண் பட்ட காயம் என்றால் ஊசியைப் பற்றி யோசிக்க வேண்டும். கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று சொன்னால் மருத்துவர் முடிவெடுப்பார், ஐந்து வருடத்துக்கு மேலாகியிருந்தால் அழுக்குக் காயத்துக்கு மறுபடி போடுவார்கள்.

நாண் தைத்தவர்களில் பலர் பயிற்சி கிளினிக்குக்குத் தொடர்ந்து வருவதில்லை. பஸ் காசு, போகிற அன்றைய சம்பளம், வீட்டில் பிள்ளைகள், எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் தைத்த விரலைச் சொல்லித்தரும் விதத்தில் அசைக்காவிட்டால் நாண் சுற்றியுள்ள உறையோடு ஒட்டிக்கொள்ளும், தையலால் பயனில்லாமல் போகும். அதேபோல் அவசரப்பட்டுக் கூடை சுமந்தால் தையலே அறுந்துவிடும். வர முடியாத நாளை முன்கூட்டியே சொல்லுங்கள், வேறு நாள் கேட்டுப் பார்க்கலாம். தோட்டத்தில் இலேசான வேலை கேட்பதற்கு மருத்துவரின் கடிதம் தேவைப்பட்டால் கிளினிக்கிலேயே கேளுங்கள். கேட்கத் தயங்கி, கையைத் துணியில் சுற்றிக்கொண்டு மலைக்கு வேலைக்குப் போகாதீர்கள்.