தலையை எண்ணினால் ஓட்டு ஆகிவிடுமா?

போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு காணொளி அனுப்பியிருந்தார். வட அயர்லாந்தில் கத்தோலிக்கர் பெரும்பான்மை ஆகிவிட்டார்களாம், இனி இரண்டு அயர்லாந்தும் ஒன்றாவதை யாராலும் தடுக்க முடியாதாம். (வட அயர்லாந்து பிரிட்டனோடு சேர்ந்தது, தெற்கே உள்ள அயர்லாந்து தனி நாடு. கத்தோலிக்கர் என்றால் ஒன்றிணைப்பு, புராட்டஸ்டன்ட் என்றால் பிரிட்டன் என்பது பழைய கணக்கு.) இந்த வருஷத்தில் இது எனக்கு வந்த ஐந்தாவது. சித்தப்பாவிடம் "பார்த்தேன் சித்தப்பா" என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை இங்கே கொட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்டில் கருத்துக்கணிப்புக்காக வீடு வீடாகக் கதவு தட்டியவன் நான். இப்போது மற்றவர்கள் தட்டி வாங்கிவரும் பதில்களைச் சரிபார்ப்பது என் வேலை.

முதலில் அந்தப் 'பெரும்பான்மை'. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கத்தோலிக்கர், அல்லது கத்தோலிக்கராக வளர்க்கப்பட்டவர், 45.7 சதவீதம். புராட்டஸ்டன்ட் மற்றும் பிற கிறிஸ்தவப் பின்னணி 43.5. முந்திவிட்டார்கள், சரி. பாதியைத் தாண்டினார்களா? இல்லை. அந்த 45.7க்குள் தொட்டில் குழந்தையும் உண்டு. அதற்கு ஓட்டு கிடையாது. கல்யாணம், சாவு தவிர சர்ச் பக்கமே போகாதவரும் உண்டு. 'வளர்க்கப்பட்டவர்' என்பது அவருடைய அப்பா அம்மாவைப் பற்றிய தகவல். இன்று அவர் மனதில் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. அதே கணக்கெடுப்பில் 'ஐரிஷ்' என்று மட்டும் தன்னைச் சொன்னவர் 29.1 சதவீதம்தான். 'பிரிட்டிஷ்' மட்டும் 31.9, 'வட ஐரிஷ்' மட்டும் 19.8. மதத்தைக் கேட்டால் ஒரு எண், அடையாளத்தைக் கேட்டால் வேறு எண். ஓட்டைக் கேட்டால் மூன்றாவது எண் வரும்.

நியூரிப் பக்கம் ஒரு வீடு, எல்லைக்குக் கூப்பிடு தூரம். (தெருவைச் சொல்ல மாட்டேன், தொழில் தர்மம்.) சுவரில் திரு இருதயப் படம், அதன் கீழே சின்னச் சிவப்பு விளக்கு: கத்தோலிக்க வீடு. மேசையில் மருந்துக்கடைப் பை. "நாளைக்கே வாக்கெடுப்பு வைத்தால்..." என்று நான் முடிப்பதற்குள் அந்த அம்மா கேட்டார்: "தெற்கே, அந்தப் பக்கம் டாக்டரைப் பார்க்கவே அறுபது யூரோ ஆகுமாமே?" வடக்கில் டாக்டருக்கும் காசு கிடையாது, மருந்துச் சீட்டுக்கும் காசு கிடையாது. 'தெரியாது' கட்டத்தில் டிக் போட்டுவிட்டு வந்தேன். காணொளிக்காரர் கணக்கிலோ அவர் ஒன்றிணைப்புக்கு விழுந்த ஓட்டு.

மனநிலை மாறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2016இல் வடக்கு 55.8 சதவீதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கவே வாக்களித்தது. ஆனாலும் மொத்த பிரிட்டனின் முடிவுப்படி வெளியேற வேண்டியதாயிற்று. அதற்கப்புறம்தான் இந்த ஒன்றிணைப்புப் பேச்சு பல வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. ஐரிஷ் டைம்ஸ் பத்திரிகையும் ஆரின்ஸ் ஆய்வுத் திட்டமும் சேர்ந்து எடுத்த கணிப்பில் ஒன்றிணைப்புக்கு வடக்கின் ஆதரவு 2022இல் 27 சதவீதம், அடுத்த வருஷம் 30, அதற்கடுத்த வருஷம் 34. ஏறுகிறது. ஆனால் அதே காலத்தில் எதிர்ப்பு 50இலிருந்து 48க்குத்தான் இறங்கியது. நகர்வில் பெரும்பகுதி, என் நியூரி அம்மாவைப் போல நடுவில் நிற்பவர்களிடம்தான். தெற்கில் மூன்றில் இரண்டு பேர் ஆதரவு. கொடியும் தேசிய கீதமும் மாறும் என்று சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்டப் பாதிப் பேர் தயங்குகிறார்கள்.

அதனால் ஒரு சதவீதம் கண்ணில் பட்டால் உடனே அனுப்பாதீர்கள். நேரில் கேட்டதா, இணையத்தில் கேட்டதா என்று பாருங்கள். இணையத்தில் ஆதரவு கூடுதலாகவும் நேரில் குறைவாகவும் வருவது வழக்கம் (எது உண்மைக்குப் பக்கம் என்று எங்களுக்குள்ளேயே தீராத சண்டை). 'நாளைக்கே' என்று கேட்டார்களா, 'பத்து வருஷத்தில்' என்று கேட்டார்களா? 'தெரியாது' என்றவர்களைக் கழித்துவிட்டுச் சதவீதம் போட்டிருந்தால் தயவுசெய்து மூடிவையுங்கள். 1973 வாக்கெடுப்பில் 98.9 சதவீதம் பிரிட்டனோடு இருக்கவே விரும்பியது என்று எதிர்ப்பக்கத்துக்காரர் ஒரு எண் காட்டுவார். ஒன்றிணைப்பை விரும்பும் தேசியவாதிகள் அதைப் புறக்கணித்ததை அவர் சொல்ல மாட்டார். அதையும் நம்பாதீர்கள்.

வாக்கெடுப்பை அறிவிக்க வேண்டியது லண்டனிலுள்ள வட அயர்லாந்துத் துறை அமைச்சர். ஒன்றிணைப்புக்குப் பெரும்பான்மை கிடைக்கும்போல் தனக்குத் தோன்றினால் அவர் நடத்தியாக வேண்டும் என்கிறது 1998ஆம் வருஷச் சட்டம். எதை வைத்துத் தோன்ற வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை. சித்தப்பா, உங்கள் காணொளியை வைத்து நிச்சயமாக இல்லை.