மணலில் நடக்கும் பிரஷ்

ஓவிய மென்பொருளில் பிரஷ்ஷை எடுத்து ஒரு கோடு இழுக்கிறோம். திரையில் தெரிவது என்னவோ கோடுதான். ஆனால் உள்ளே நடப்பது ரப்பர் ஸ்டாம்ப் குத்துகிற வேலை. பிரஷ்ஷின் முனை என்பது ஒரு சின்னப் படம். கர்சர் போகிற வழியெல்லாம் அந்தப் படத்தை மென்பொருள் அடுத்தடுத்துப் பதித்துக்கொண்டே போகிறது. பிரஷ் 40 பிக்சல் அகலம், பதிவுகளுக்கு நடுவே இடைவெளி அந்த அகலத்தில் 10 சதவீதம் என்றால் 4 பிக்சலுக்கு ஒரு பதிவு. 1,000 பிக்சல் நீளக் கோட்டுக்குச் சுமார் 250 பதிவுகள். இத்தனை நெருக்கமாக ஒன்றன்மேல் ஒன்று விழுவதால்தான் அது ஒரே இழுப்பாகத் தெரிகிறது.

கையின் வேகமும் இதற்குத் தடையில்லை. சாதாரண மவுஸ் வினாடிக்கு 125 முறை தன் இடத்தைச் சொல்லும். வினாடிக்கு 2,000 பிக்சல் வேகத்தில் வீசினால் இரண்டு தகவல்களுக்கு நடுவே 16 பிக்சல் ஓடிப்போயிருக்கும். விட்டுப்போன இடங்களை மென்பொருளே கணக்குப் போட்டு நிரப்பிவிடுகிறது.

சரி, அந்தச் சின்னப் படம் ஒன்றாக இல்லாமல் ஒரு கட்டாக இருந்தால்? அதுதான் அனிமேட்டட் பிரஷ். திரையில் எதுவும் ஆடாது, ஓடாது. ஒவ்வொரு பதிவுக்கும் படம் மாறும், அவ்வளவுதான். 1990-களில் பெயின்டர் மென்பொருளில் இமேஜ் ஹோஸ் என்ற பெயரில் இந்த வசதி வந்தது. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களான கிம்ப், கிரிட்டா இரண்டிலும் இப்போது உண்டு. கிம்ப்பின் பிரஷ் பட்டியலில் ஒரு பிரஷ்ஷின் வலது கீழ் மூலையில் குட்டியாகச் சிவப்பு முக்கோணம் தெரிந்தால் அது இந்த ரகம்.

அடுத்து எந்தப் படம் என்பதை யார் முடிவு செய்வது? அதற்குத்தான் விதிகள். முதல் விதி வரிசை: ஒன்று, இரண்டு, மூன்று என்று போய் மறுபடி ஒன்று. உதிர்ந்த இலைகளுக்கு இது சரிப்படாது. 4 இலைப் படங்கள், 50 பிக்சலுக்கு ஒன்று என்றால் 200 பிக்சலுக்கு ஒருமுறை அதே நான்கும் அதே வரிசையில் வந்து நிற்கும். நம் கண் இந்த மாதிரித் திருட்டைப் பிடிப்பதில் கெட்டி. அதனால் இலைக்கு ரேண்டம் விதிதான் ஏற்றது. 4 படங்களில் அடுத்தடுத்து ஒரே இலை விழ 4-ல் 1 வாய்ப்பு, மூன்று முறை தொடர்ந்து விழ 16-ல் 1. படங்களை 8 ஆக்கினால் அது 64-ல் 1 ஆகக் குறைந்துவிடும். ஆனால் எண்ணிக்கையைவிட முக்கியமான ஒன்று உண்டு. பூச்சி அரித்த ஓட்டையோடு ஓர் இலையைப் படக் கட்டில் சேர்த்துவிட்டால் போச்சு. மற்ற ஏழும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த ஓட்டை எங்கெல்லாம் வருகிறது என்றுதான் கண் தேடும். எதுவுமே துருத்திக்கொண்டு தெரியாத இலைகளே நல்லவை.

அழுத்தம் இன்னொரு விதி. மெல்லத் தொட்டால் புல்லின் முளை, அழுத்தினால் முழுப் புல். இதற்கு ஸ்டைலஸ் பேனா வேண்டும். மவுஸில் அழுத்தம் மாறாது என்பதால் ஒரே படம்தான் திரும்பத் திரும்ப விழும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது திசை விதி. கிம்ப்பில் கை மேலே போனால் 0 பாகை, வலப்பக்கம் 90, கீழே 180, இடப்பக்கம் 270. படங்கள் எத்தனையோ, வட்டம் அத்தனை பங்கு. இரண்டு விதிகளைச் சேர்த்தும் வைக்கலாம். மணலில் பாதச்சுவடுகள் வரைய வேண்டும் என்று வையுங்கள். 45 பாகைக்கு ஒன்றாக 8 திசைகள்; ஒவ்வொன்றுக்கும் இடது கால், வலது கால்; ஆக 16 படங்கள். திசையைக் கை முடிவு செய்யும், கால் வரிசையாக மாறும். படங்களை 0 முதல் எண்ணினால், திசை எண்ணை 2-ஆல் பெருக்கிக் கால் எண்ணைக் கூட்டுவதுதான் கணக்கு. வலப்பக்கம் நடக்கிறோம், அது திசை 2. வலது கால், அது 1. எடுக்க வேண்டியது 5-ஆம் எண் படம்.

வரையும்போது கவனம் வேண்டும். மேல்நோக்கி நடக்கும் இடது பாதம் படத்தின் நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி இருக்கும். அதே இடது பாதம் கீழ்நோக்கி நடக்கும்போது வலப்பக்கம் வந்துவிடும். இடைவெளியையும் 100 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைக்காவிட்டால் பாதங்கள் ஒன்றையொன்று மிதித்துவிடும்.

இரண்டு படங்களை மட்டும் வைத்து, போகிற திசைக்கு ஏற்ப மென்பொருளையே சுழற்றச் சொல்லலாமே என்று கேட்கலாம். அந்த வசதியும் இருக்கிறது. கிருஷ்ண ஜெயந்திக்கு மாவில் போடும் குட்டிப் பாதங்கள் மாதிரித் தட்டையானவை என்றால் அதுவே போதும். மணல் சுவட்டில் பள்ளம் உண்டு, பள்ளத்தில் நிழல் உண்டு. படத்தைச் சுழற்றினால் நிழலும் சேர்ந்து சுழலும். ஒவ்வொரு சுவட்டுக்கும் வெயில் ஒவ்வொரு பக்கமிருந்து அடிக்கும். 16-ஐயும் தனித்தனியாக வரைந்தால்தான் வெயில் ஓரிடத்தில் நிற்கும்.

கருப்பு வெள்ளையில் சேமித்தால் அந்த நேரத்தில் தேர்ந்தெடுத்திருக்கும் நிறத்தில் பிரஷ் பதியும். வண்ணத்தில் சேமித்தால் தன் சொந்த நிறத்தில். இப்படிச் சேமிக்கும் ஜிஐஎச் கோப்பும் (கிம்ப்பின் அனிமேட்டட் பிரஷ் கோப்பு வகை) எளிமையானதுதான். முதல் வரியில் பெயர், இரண்டாம் வரியில் படங்களின் எண்ணிக்கையும் விதிகளும், அப்புறம் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக.

திசை விதியில் ஒரு சிக்கல் மட்டும் உண்டு. திசை தெரிய இரண்டு புள்ளிகள் வேண்டும். முதல் பதிவின்போது கையில் இருப்பது ஒரே புள்ளி. அதனால் முதல் பாதம் எந்தப் பக்கமாவது திரும்பி நிற்கக்கூடும். கேன்வாஸுக்கு வெளியே தொடங்கி உள்ளே இழுத்து வந்தால், அந்தப் பாதம் படத்துக்குள்ளேயே வராது.